பள்ளித் தோட்டம் – 7: பிள்ளைகள் இல்லாத மாதங்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு முடிந்து வகுப்பறைகள் பூட்டப்படும் ஏப்ரல் மாதத்திற்கும், ஆடிப்பட்டத்து விதை மண்ணில் விழவேண்டிய ஜூலை நடுப்பகுதிக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மாத இடைவெளி உள்ளது. பட்டம் என்பது ஒரு பயிரை விதைப்பதற்கு மழையும் வெயிலும் காற்றும் ஒத்துவரும் பருவத்தைக் குறிக்கும் உழவர் வழக்கு; கத்தரி, வெண்டை, மிளகாய், பந்தல் காய்கள் ஆகியவற்றுக்கு ஆடியும் தையும் முதன்மையான பட்டங்கள். தைப்பட்டத்துச் செடிகளின் கடைசிக் காய்ப்பு வரை இத்தொடரின் சென்ற பகுதி விளக்கியது. அதற்குப் பின் வரும் கோடையில் பள்ளியில் பிள்ளைகள் இருப்பதில்லை, சத்துணவுக்கூடத்து அடுப்பு எரிவதில்லை, குழாயடியில் நீர் ஓடுவதில்லை. ஆகவே தோட்டத்திற்கும் விடுமுறைதான் என்று முடிவுகட்டிவிடுவது பல பள்ளிகளில் எழுதப்படாத நடைமுறையாகிவிட்டது. ஜூன் மாதத்தில் திரும்பி வரும் ஆசிரியரும் மாணவரும் காய்ந்த தண்டுகளையும், திட்டுத்திட்டாகப் பரவிய கோரையையும், ஆடுகள் நுழைந்த வேலியையும் கண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் இவ்வாறு தொடங்கிய பின் ஆர்வம் வற்றித் தோட்டம் கைவிடப்படுகிறது. பள்ளித் தோட்டம் நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பது பயிரில்லாத இந்தக் கோடைதான் என்பதும், அந்தக் காலத்து வேலைகளில் மிகுதியானவற்றுக்கு நாள்தோறும் ஆள் தேவையில்லை என்பதும் இப்பகுதி வலியுறுத்தும் கருத்துகள்.

கோடை வேலையை மார்ச் மாதத்திலேயே, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போதே தொடங்கவேண்டும். நன்கு காய்த்த, நோய் தாக்காத செடி கொடிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு காய்களைப் பறிக்காமல் விட்டு, காம்பில் நூல் கட்டி அடையாளம் வைத்தால் அடுத்த பட்டத்துக்கான விதை பள்ளியிலேயே கிடைத்துவிடும். பீர்க்கங்காய் கொடியிலேயே முற்றிப் பழுப்பேறி, கையிலெடுத்து ஆட்டினால் உள்ளே விதைகள் கலகலக்கும் நிலையை அடையவேண்டும்; அப்போது அடிநுனியில் உள்ள சிறு மூடியைப் பெயர்த்துத் தலைகீழாகத் தட்டினால் கறுத்த, தட்டையான விதைகள் கொட்டிவிடும், எஞ்சும் நார்க்கூடு பாத்திரம் தேய்க்க உதவும். கத்தரியைச் சமையலுக்கு உதவாத அளவுக்கு மஞ்சளாகப் பழுக்கவிட்டும், தக்காளியின் சதையை விதையோடு பிழிந்து ஒன்றிரண்டு நாள் புளிக்கவிட்டு, விதையைச் சூழ்ந்திருக்கும் வழுவழுப்பான உறை கரைந்த பின் அலசியும் விதை எடுக்கவேண்டும். இவற்றை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, காற்றுப் புகாத புட்டியில் பெயரும் நாளும் எழுதி வைப்பது ஒரு வகுப்பு முழுவதும் பங்கேற்கக்கூடிய வேலை. வீரிய ஒட்டு ரகங்களிலிருந்து இவ்வாறு விதை எடுப்பதில் பயனில்லை. வேறுபட்ட இரண்டு பெற்றோர் வழிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்ட அந்த ரகங்களின் குணங்கள் அடுத்த தலைமுறையில் சிதறிவிடும். நாட்டு ரகங்களே பள்ளிக்கு ஏற்றவை என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

விதைக்கு விட்டவை போக, காய்ப்பு ஓய்ந்த செடிகளை வேரோடு பிடுங்கி எறியும் வழக்கத்தை மாற்றிக்கொள்வது நல்லது. தண்டைத் தரையோடு வெட்டி எடுத்துவிட்டு வேரை மண்ணுக்குள்ளேயே விட்டால், அது மட்கி, காற்றும் நீரும் இறங்கும் நுண்ணிய வழிகளைப் பின்னே விட்டுச் செல்லும். வேர்முடிச்சு நூற்புழு தாக்கிய செடிகள் மட்டும் இதற்கு விலக்கு. கண்ணுக்குத் தெரியாத இப்புழு வேருக்குள் புகுந்து அதை முண்டும் முடிச்சுமாக வீங்கச் செய்கிறது. கத்தரி, தக்காளி, வெண்டை ஆகியவற்றில் இது மிகுதி. ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்து, வீக்கம் கண்ட பாத்தியின் வேர்களை முழுவதுமாக அகற்றி அழித்துவிட்டு, அந்தப் பாத்தியின் எண்ணைத் தோட்டப் பதிவேட்டில் குறித்துவைத்தால், அடுத்து அங்கே எதை வைக்கக்கூடாது என்பது தெளிவாகிவிடும்.

அடுத்தது மண். பள்ளி வளாகத்து மண்ணை வயல் மண்ணாகக் கருதிவிடுவது பல தோல்விகளுக்குக் காரணம். வகுப்பறை கட்டும்போது தோண்டப்பட்ட அடிமண், உடைந்த செங்கல், சுண்ணாம்பு, சிமெண்ட் கலவை ஆகியவை கலந்து மேடாக நிரவப்பட்ட இடங்களே பெரும்பாலும் தோட்டத்திற்கு ஒதுக்கப்படுகின்றன; சுண்ணாம்பும் சிமெண்ட்டும் மண்ணின் காரத்தன்மையை உயர்த்துவதால் இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்ணூட்டங்கள் மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைப்பதில்லை, இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க வெளிறிப்போகின்றன. மண் பரிசோதனைக்குப் பயிரில்லாத காலமே தக்கது. தோட்டத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் மேற்குப்பையை விலக்கி, மண்வெட்டியால் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, அக்குழியின் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாகச் சீராகச் சுரண்டி எடுத்த மண்ணைக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி, அரை கிலோ எஞ்சும்வரை இவ்வாறே குறைத்து, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டி ஆய்வகத்திற்கு அனுப்பவேண்டும். மர நிழல், எருக்குழி, வாய்க்கால் ஓரம் ஆகிய இடங்களில் எடுத்த மண் முடிவைத் திரித்துவிடும்.

முடிவுத்தாளில் முதலில் பார்க்கவேண்டியது கரிமச் சத்து, அதாவது மட்கிய தாவர, விலங்கு எச்சங்களின் வழியே மண்ணில் சேர்ந்துள்ள கார்பன். அது 0.5 விழுக்காட்டிற்குக் கீழ் இருந்தால் குறைவு என்றும், 0.75க்கு மேல் இருந்தால் மிகுதி என்றும் நம் நாட்டு ஆய்வகங்கள் வகைப்படுத்துகின்றன. தமிழகத்துச் செம்மண், கரிசல் நிலங்களில் குறைவு என்ற முடிவே வழக்கமாக வருகிறது. ஆய்வக முடிவு வரும்வரை காத்திராமல் வகுப்பறையிலேயே செய்யத்தக்க ஒரு சோதனையும் உண்டு. கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, நன்கு குலுக்கி அசையாமல் வைத்தால், மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் படிகிறது, வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படிகிறது, களி ஒரு நாளுக்கு மேலும் நீரைக் கலங்கலாக வைத்திருந்து பின் மெல்லிய ஏடாகப் படிகிறது. மேலே மிதக்கும் கருந்துகள்கள்தாம் மட்கு. மூன்று அடுக்குகளையும் அளவுகோலால் அளந்து விழுக்காடு காண்பது ஆறாம் வகுப்புக் கணக்கிற்கு நல்ல பயிற்சி.

பழைய கட்டடங்களின் சுவரை ஒட்டிய இரண்டு மூன்றடி நிலத்தில் உண்ணும் செடி எதையும் வைக்கக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். வீட்டுச் சாயங்களில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்கிற்குக் கட்டுப்படுத்தும் விதிகள் இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் பூசப்பட்ட சன்னல், கதவுச் சாயம் உதிர்ந்து விழுந்த மண்ணில் ஈயம் இருக்கக்கூடும், அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அந்த இடத்தைப் பூச்செடிகளுக்கு விட்டுவிடலாம்.

கோடையில் மண்ணைப் புரட்டுவதா, மூடிவைப்பதா என்பதில்தான் இன்று மிகுதியான கருத்து வேறுபாடு நிலவுகிறது. கோடை உழவு கோடி நன்மை என்பது உழவர் நம்பிக்கை. திருக்குறளின் 1037ஆம் குறள், ஒரு பலம் மண் கால் பலமாகச் சுருங்கும் அளவுக்கு உழுத புழுதியைக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்ற பொருளைத் தருகிறது. இதை மிகையுரை என ஒதுக்கிவிட முடியாது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த எச். எஃப். பிர்ச் என்ற மண்ணியலாளர், நன்றாகக் காய்ந்த மண் மீண்டும் நனையும்போது அதிலிருந்து தழைச்சத்து திடீரெனப் பெருகி வெளிப்படுவதை 1958இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார்; அவர் பெயராலேயே அது பிர்ச் விளைவு எனப்படுகிறது. காய்ச்சலில் மண்ணுயிர்களில் ஒரு பகுதி மடிகிறது, மண்கட்டிகள் உடைந்து உள்ளே மறைந்திருந்த மட்கு வெளிப்படுகிறது. முதல் மழை விழுந்ததும் எஞ்சிய நுண்ணுயிர்கள் இவற்றைத் தின்று பல்கி, செடி எடுத்துக்கொள்ளும் வடிவில் தழைச்சத்தை விடுவிக்கின்றன. கோடையில் புரட்டுவதால் வேறு பயன்களும் உண்டு. மண்ணுக்குள் உறங்கும் படைப்புழு, காய்ப்புழு ஆகியவற்றின் கூட்டுப்புழுக்கள் வெளியே வந்து வெயிலிலும் மைனாவின் அலகிலும் மடிகின்றன. வெட்டி வெளியே இழுத்துப் போட்ட கோரைக் கிழங்கும் அருகம்புல்லின் வேர்த்தண்டும் காய்ந்து முளைப்புத் திறனை இழக்கின்றன.

ஆனால் பிர்ச் விளைவில் வெளிவரும் சத்து புதிதாக எங்கிருந்தும் வந்ததன்று, மண்ணில் ஏற்கெனவே சேர்ந்திருந்த மட்கு கரைந்து வந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. ஆண்டுதோறும் புரட்டிக் காயவைத்து, எடுத்ததைத் திருப்பி இடாமல் விட்டால் ஏற்கெனவே குறைந்துள்ள கரிமச் சத்து மேலும் குறைந்துகொண்டே போகும். 1037ஐ எடுத்துக்காட்டுவோர் அடுத்த குறளையும் சேர்த்துப் படிக்கவேண்டும். உழுவதைவிட எருவிடுவது நன்று, களை எடுத்தபின் நீர் பாய்ச்சுவதைவிடக் காப்பது நன்று என்ற கருத்து அங்கே உள்ளது. ஆகவே சில சென்ட் பரப்புள்ள பள்ளித் தோட்டத்துக்குப் பொருந்தும் வழி நடுவழியே. கோரையோ அருகோ மண்டிய பாத்திகளை மட்டும் முதல் கோடை மழை விழுந்து மண் இளகியவுடன் ஒருமுறை ஆழக் கொத்தி, கிழங்குகளைக் கையால் பொறுக்கி, பத்துப் பதினைந்து நாள் வெயிலில் விட்டுவிட்டு, பிறகு மூடாக்கு இடவேண்டும். களையில்லாத பாத்திகளைக் கொத்தாமலே மூடிவிடலாம். மூடாக்கு என்பது வைக்கோல், கரும்புச் சோகை, கடலைத் தோல், தென்னை மட்டை, சருகு ஆகியவற்றால் மண்ணை இரண்டு மூன்று அங்குலக் கனத்தில் போர்த்துவது. ஈரம் ஆவியாவதை அது குறைக்கிறது, மேல்மண்ணின் சூட்டைத் தணிக்கிறது, கோடை இடிமழையின் துளி நேரடியாக மோதி மண்ணைக் கரைத்துக்கொண்டு போவதைத் தடுக்கிறது. செம்மண் பகுதிகளில் காய்ந்த மூடாக்கில் கரையான் ஏறும். உயிருள்ள செடியின் தண்டை ஒட்டி மூடாக்கு போடாமல் ஒரு சாண் விலக்கி விட்டால் பாதிப்பு குறையும்.

நாற்றங்கால் பாத்திக்கு மட்டும் கத்திரி வெயிலை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். நாற்றுகள் முளைத்த சில நாட்களில் தண்டின் அடி நைந்து சாய்ந்துவிடும் நாற்றழுகல் நோய் மண்வாழ் பூசணங்களால் வருவது. நனைத்த மண்ணைக் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் மூடி, வெயிலாலேயே அதைச் சூடேற்றி இத்தகைய கிருமிகளை அழிக்கும் முறையை இஸ்ரேலிய ஆய்வாளர் யாக்கோவ் கட்டானும் உடன் பணியாற்றியவர்களும் 1976இல் வெளியிட்டனர். மண் சூரிய வெப்பமூட்டல் என்று தமிழில் வழங்கும் இம்முறைக்கு மே மாதத்துத் தமிழகத்தைவிட ஏற்ற இடம் அரிது. ஒரு மீட்டர் அகலப் பாத்தியைச் சமன் செய்து, அரையடி ஆழம் வரை ஈரம் இறங்க நீர் விட்டு, தாள் மண்ணோடு ஒட்டும்படி விரித்து, நான்கு ஓரங்களையும் மண்ணால் அணைத்து நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிடவேண்டும். கறுப்புத் தாளைவிட நிறமற்ற தாளே நல்லது; ஒளி தாளைக் கடந்து மண்ணைத் தொட்டால்தான் சூடு மண்ணில் தங்கும். ஜூன் தொடக்கத்தில் தாளை எடுத்துப் பாத்தியை ஆழக் கொத்தாமல் கீறி, தொழு உரம் தூவி விதைத்தால், கத்தரி நாற்று ஆடியில் நடவுக்கு வந்துவிடும். தோட்டம் முழுவதையும் தாளால் மூடுவது வேண்டாத வேலை. நல்லுயிர்களும் சேர்ந்தே மடியும், தாள் வெயிலில் நொறுங்கி மண்ணில் கலந்துவிடும்.

இனி எரு. மாசி, பங்குனி மாதங்களில் வேம்பும் புங்கமும் இலை உதிர்க்கின்றன. பள்ளி ஆண்டு முடியும் தறுவாயில் வளாகம் முழுவதும் சருகு மெத்தையாகக் கிடக்கிறது. இந்தச் சருகு கூட்டிக் குவிக்கப்பட்டு மதிலோரம் கொளுத்தப்படுவதே பரவலான காட்சி. தோட்டக் கழிவை எரிப்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்தன என்பது ஒருபுறம் இருக்க, வேறெங்கோ விலை கொடுத்து எரு வாங்கும் பள்ளி, தன் வாசலில் இலவசமாக விழுந்த எருவைத் தானே கொளுத்துவது வேதனைக்குரியது. மூன்று பங்கு சருகுக்கு ஒரு பங்கு பசுந்தழையும் சாணமும் என்ற அளவில் அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து, நீளம் அகலம் உயரம் மூன்றும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் மர நிழலில் குவியல் அமைக்கவேண்டும். காய்ந்த சருகில் கரியும், பச்சைத் தழையிலும் சாணத்திலும் தழைச்சத்தும் மிகுதி. இவை ஏறத்தாழ முப்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேரும்போது நுண்ணுயிர்கள் விரைவாகப் பெருகுகின்றன. அவற்றின் செயலால் குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, களை விதைகளையும் நோய்க்கிருமிகளையும் பெரும்பாலும் அழித்துவிடுகிறது. குவியல் சிறியதாக இருந்தால் சூடு தங்காது. உள்ளேயிருந்து ஒரு பிடி எடுத்து அழுத்திப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு நீர் வரவேண்டும். ஒழுகினால் ஈரம் மிகுதி, ஒன்றும் வராவிட்டால் நீர் தெளிக்கவேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெளிப்புறம் உட்புறமாகும்படி புரட்டினால் மார்ச் இறுதியில் போட்ட குவியல் ஜூலை நடவுக்குள் கறுத்து, பொலபொலத்து, மழை பெய்த மண்ணின் மணத்தோடு நிற்கும். வாரத்தில் ஐந்து நாளும் சத்துணவில் முட்டை இடம்பெறுவதால் ஓடுகளும் குவிகின்றன. அவை பெரும்பாலும் சுண்ணாம்பே ஆகையால், புளிப்புத்தன்மை உள்ள செம்பொறை மண்ணுக்கு நல்லவை, சிமெண்ட் கலந்த கார மண்ணுக்கு வேண்டாதவை.

காவிரிப் படுகையில் உள்ள பள்ளிகளுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. அறுவடைக்குப் பின் ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளிலிருந்து ஆட்டு மந்தைகளோடு வரும் கீதாரிகள் வயல்களில் இரவில் கிடை போடுவார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் ஓரிரவிலேயே நிலம் முழுவதும் சீராகப் பரவிவிடும். விடுமுறை தொடங்கியபின் ஓரிரு இரவு பள்ளித் தோட்டத்தில் கிடை போடச் சொல்லி அதற்குரிய தொகையைக் கொடுப்பது வண்டி எரு வாங்குவதைவிட எளிது. ஏரிப் பாசனப் பகுதிகளில் வட்டாட்சியர் அனுமதியோடு எடுக்கும் வண்டல் மண், மணற்பாங்கான தோட்டத்துக்கு நீரைப் பிடித்துவைக்கும் திறனைத் தரும். நீர் வற்றிய கோடையில்தான் அதை எடுக்க முடியும்.

இவை அனைத்திலும் செலவு குறைந்ததும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கு மிகுதியாக உள்ளதும் பசுந்தாள் உரப்பயிர். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மார்ச் முதல் மே வரையிலான கோடை மழையாகப் பெய்கிறது. மே நடுவிலோ இறுதியிலோ ஒரு நல்ல மழை கிடைத்தவுடன் தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி ஆகியவற்றுள் ஒன்றை விதைத்துவிட்டால், 45 நாளில், அதாவது ஜூலை முதற்பாதியில் அது பூக்கத் தொடங்கும். அப்போது வெட்டி மண்ணோடு மடக்கிவிட்டுப் பத்துப் பதினைந்து நாள் மட்க விட்டால் சரியாக ஆடிப்பட்டம் வந்து நிற்கும். ஏக்கருக்கு 20 கிலோ விதை என்ற அளவில் ஒரு சென்டுக்கு 200 கிராம் போதும். நன்கு வளர்ந்தால் சென்டுக்கு 80 முதல் 100 கிலோ வரை பசுந்தழை கிடைக்கும். இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் பரப்பிய பல தானிய விதைப்பு இதன் விரிவான வடிவம்: சிறுதானியம், பயறு, எண்ணெய்வித்து, தழையுரச் செடி, கடுகு கொத்தமல்லி போன்ற நறுமணப் பயிர் ஆகிய வகைகளில் சிலவற்றைக் கலந்து விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவது. வெவ்வேறு ஆழத்துக்கு இறங்கும் வேர்களும் வெவ்வேறு சத்துகளைச் சேர்க்கும் தழைகளும் ஒரே பாத்தியில் கிடைப்பதால், கட்டட இடிபாடு கலந்த மண்ணுக்கு இம்முறை மிகவும் ஏற்றது.

பள்ளி திறந்த இரண்டாம் மூன்றாம் வாரத்தில் பிள்ளைகள் ஒரு தக்கைப்பூண்டுச் செடியை மண்ணோடு பெயர்த்து, வேரை நீரில் அலசிப் பார்க்கவேண்டும். வேரின் ஓரங்களில் மணிமணியாக ஒட்டியிருக்கும் முடிச்சுகளில் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குத் தழைச்சத்தாக மாற்றித் தருகிறது. ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். நம் குருதிக்குச் சிவப்பைத் தரும் பொருளுக்கு உறவான ஒரு புரதத்தின் நிறம் அது, நுண்ணுயிர் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அந்த முடிச்சு செயலிழந்துவிட்டது. நூற்புழு உண்டாக்கும் வீக்கத்தை இதனோடு குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. நன்மை செய்யும் முடிச்சு லேசாகத் தள்ளினாலே வேரிலிருந்து கழன்று விழும், நூற்புழுவின் முடிச்சோ வேரே தடித்ததாகையால் கழலாது. பாடநூலின் படத்தில் பார்த்ததைப் பிள்ளைகள் தங்கள் நகக்கண்ணில் காணும் இந்த ஒரு பாடவேளைக்காகவே மே மாதத்தில் விதைத்துவைக்கலாம்.

பல்லாண்டுப் பயிர்களுக்கு மட்டும்தான் கோடை முழுவதும் நீர் வேண்டும். முருங்கையும் அகத்தியும் வேர்பிடித்துவிட்டால் தாக்குப்பிடிக்கும். கறிவேப்பிலையும் பப்பாளியும் புதிய கன்றுகளும் தாங்கா. சத்துணவுக்கூடத்து அரிசி கழுவிய நீரையும் கைகழுவும் நீரையும் நம்பி வைத்த வாழை, அடுப்பு அணைந்த நாளிலிருந்தே வாடத் தொடங்குகிறது என்பதைப் பல பள்ளிகள் முன்கூட்டி நினைப்பதில்லை. இதற்குப் பானைப் பாசனமே எளிய தீர்வு, கி.மு. முதல் நூற்றாண்டுச் சீன வேளாண் நூலொன்றிலேயே விவரிக்கப்பட்ட தொன்மையான முறை இது. மெருகோ வண்ணமோ பூசாத, ஐந்து முதல் பத்து லிட்டர் கொள்ளும் மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பினால், பானையின் நுண்துளைகள் வழியே, சுற்றியுள்ள மண் காய்ந்த அளவுக்கு மட்டும் நீர் கசியும். வேர்கள் பானையைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும். புதைக்கும் முன் நீர் நிரப்பி வைத்துப் பார்த்து, சில மணி நேரத்தில் வெளிப்புறம் ஈரம் கோக்காத பானையை ஒதுக்கிவிடவேண்டும். உப்பு நீர் நாளடைவில் துளைகளை அடைத்துவிடும். வாயை மூடாமல் விட்டால் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும் என்பதால் ஓட்டு மூடி கட்டாயம். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும் என்பதே இதன் பெருஞ்சிறப்பு.

மேற்சொன்ன அனைத்தையும் கூட்டிப் பார்த்தால், விடுமுறைக் காலத்துக்குத் தேவைப்படுவது வாரம் இருமுறை ஒரு மணி நேரம் பானைகளை நிரப்பவும், மாதம் இருமுறை குவியலைப் புரட்டவும், மழை விழுந்த மறுநாள் விதை தூவவும், வேலியை ஒரு சுற்றுப் பார்க்கவும் ஓர் ஆள். அந்த ஆள் யார் என்பதைத் தீர்மானிக்காமல் விட்டதால்தான் தோட்டங்கள் அழிகின்றன. பிள்ளைகளைக் கோடையில் வரவழைத்து வேலை வாங்கக்கூடாது. அருகிலுள்ள பிள்ளைகள் விரும்பி வந்தாலும் காலை எட்டு மணிக்குள், பெரியவர் ஒருவரோடு மட்டுமே அனுமதிக்கவேண்டும். சருகுக் குவியலும் மூடாக்கும் பாம்பும் தேளும் ஒதுங்கும் இடங்கள். பள்ளி நடக்கும் மாதங்களிலும் எருவள்ளும் வேலையும் கூட்டும் வேலையும் குறிப்பிட்ட சில வீட்டுப் பிள்ளைகள் தலையிலேயே விழாதபடி, எல்லாப் பெயர்களும் அகரவரிசையில் சுழலும் முறைப்பட்டியல் இருக்கவேண்டும். 1937இல் வார்தாவில் வகுக்கப்பட்ட ஆதாரக் கல்வி, தோட்ட வேலையைப் பாடத்தின் நடுவே வைத்ததன் நோக்கம் கைவேலையிலிருந்து இழிவை நீக்குவதே; அந்த வேலையிலேயே சாதியைக் கொண்டுவந்து நிறுத்தும் பள்ளி, தோட்டம் போடாமலிருப்பதே மேல்.

கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். கோடையில் ஊரிலேயே இருப்பவர்களும் அவர்களே. பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க ஒன்றிய அரசு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், அதன்வழி வரும் விதைகளும் கருவிகளும் பயன் தருவதற்கு, விதை வந்து சேரும் நாளில் மண் ஆயத்தமாக இருக்கவேண்டும். ஆகவே மார்ச் மாதக் குழுக் கூட்டத்திலேயே தோட்டத்தைப் பொருள்நிரலில் சேர்த்து, வாயில் சாவி யாரிடம், பானை நிரப்புபவர் யார், குவியலைப் புரட்டும் நாட்கள் எவை, மழை பெய்தால் விதைப்பவர் யார் என்பவற்றைப் பெயரோடும் தேதியோடும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்வது இத்தொடரின் கடமை. அந்தப் பொறுப்பு சத்துணவுச் சமையலருக்கோ தூய்மைப் பணியாளருக்கோ தரப்படுமானால், ஒன்றரை மாத வேலைக்கு உரிய கூலியையும் அதே தாளில் எழுதிவிடவேண்டும்.

(தொடரும்)